சாந்திஸ்பாக்கில் 19-ஆம் நாள்

மூன்று நாள் தங்கலாம் என்றுதான் வந்தோம். இன்றோடு 19. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம், கொன்செப்சியோன் விரிகுடாவில் இருக்கும் கடற்கரை இந்தச் சாந்திஸ்பாக். ஆர்.வி.யின், அதாவது எங்கள் வீட்டு வண்டியின், கதவைத் திறந்தால் பத்தடியில் கடல். அலையே இல்லை, ஏரி மாதிரி கிடக்கிறது.

கரண்டுக்குக் கூரையில் சோலார் இருக்கிறது, சரி. தண்ணீர்தான் பாடு. கேனைத் தூக்கிக்கொண்டு வடக்கே 20 கிலோமீட்டர் முலேஹே ஊருக்குப் போக வேண்டும். குளிக்க ஆளுக்கு இரண்டு சொம்பு. பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, அப்புறம் நல்ல தண்ணீரில் ஒரு அலசு. நேற்று நான் மறந்துபோய் நல்ல தண்ணீரிலேயே தலைக்குக் குளித்துவிட்டேன். வீட்டுக்காரர் இன்னும் சரியாகப் பேசவில்லை. கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் கதையைக் கேட்காதீர்கள்.

காலையில் ஒருவர் பழைய டிரக்கில் இறால் கொண்டுவருவார். மிளகு போட்டு வறுத்தேன். பக்கத்து வண்டி கனடாத் தாத்தா தட்டோடு வந்து நின்றார்.

கூழைக்கடாவைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். நம்மூர்க் கூழைக்கடா மிதந்தபடியே மீனை அள்ளும். இந்தப் பழுப்புக் கூழைக்கடா உயரத்திலிருந்து இறக்கையை மடக்கித் தலைகீழாகத் தொபுக்கென்று விழுகிறது. எழுந்ததும் அலகுப் பையிலிருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு விழுங்குகிறது. அது வடிப்பதற்குள் கடற்காகம் ஒன்று அதன் தலைமேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது, திருட!

நாளைக்குக் கிளம்புகிறோமாம். நேற்றும் வீட்டுக்காரர் இதையேதான் சொன்னார்.