வொண்டர்ஃபுல் லைஃப் வெறும் சென்டிமென்ட் படம் இல்ல
1946 டிசம்பர்ல இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்ங்கற ஹாலிவுட் படம் ரிலீஸானப்போ போட்ட காசே திரும்பல, நியூயார்க் டைம்ஸ் விமர்சகரும் சென்டிமென்ட் ஓவர்னுட்டாரு, அமெரிக்க புலனாய்வு அமைப்பு எஃப்பிஐ வேற பேங்க்காரன வில்லனா காட்டுறாங்கன்னு அதுல கம்யூனிஸ்ட் வாடை புடிச்சு குறிப்பு எழுதி வச்சுச்சு. அப்புறம் 1974ல காப்பிரைட்ட புதுப்பிக்காம விட்டுட்டாங்க, அதனால டிவிக்காரங்க காசு குடுக்காமலே கிறிஸ்துமஸ் வந்தாலே இத ஓட்டி ஓட்டி, ஜனங்க தலையில தூக்கி வச்சு கொண்டாட ஆரம்பிச்சிட்டாங்க.

சென்டிமென்ட்னு இன்னமும் சொல்றவங்க அந்த பார் சீன ஒருதடவ நல்லா பாருங்க. கடன் கழுத்த நெரிக்குது, ஹீரோ ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முணுமுணுன்னு சாமிகிட்ட வழி கேக்குறாரு, கண்ணு கலங்கி, கை நடுங்கிட்டே வாய்கிட்ட போகுது. தேவதை அவர்கிட்ட இறங்கி வர்றதே அதுக்கப்புறம்தான், எனக்கு அதுக்கு முன்னாடியே தொண்டை அடைச்சிடும். எவ்ளோ பெரிய நடிகன்யா!