லாச்சிக் குமிழில் ஒரு சிற்றுளி

எங்கள் கல்லூரி மண்டப வாசலில் இருந்த பித்தளைத் தகட்டை என் காலத்தவர்கள் மறந்தாலும், அதை விளக்கிய நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள், பிந்தி வந்தவர்களின் கையில் பழப்புளியும் சாம்பலும் கொடுத்துவிடுவார்கள். வருடக்கணக்காகத் தேய்த்ததில், மண்டபம் கட்டக் காசு கொடுத்தவர்களின் பெயர்கள் பாதி அழிந்துபோயின. நன்றிக்கடனை இப்படியும் தீர்க்கலாம் போலும்.

1992 இல் நான் பத்தாம் வகுப்பு. உலோக வேலை படிப்பித்த சேர், அந்த எழுத்துகளை மீண்டும் வெட்டுவதென்று தீர்மானித்தார். பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. உளியைக் கடையில் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. தேய்ந்த சிறிய சதுர அரம் ஒன்றைத் தந்து, "தம்பி, இதற்குள் உளி இருக்கிறது, எடு" என்றார்.

அரத்தைச் சிவக்கக் காய்ச்சி, இரவு முழுவதும் சாம்பலுக்குள் புதைத்து வைத்தோம். காலையில் அது இளகியிருந்தது. அரத்தை அரத்தால் அராவிப் பல்லெல்லாம் நீக்கினேன். பிறகு தோய்ச்சல், அதாவது காய்ச்சி அமிழ்த்திக் கடினமாக்குவது. சிரட்டைக் கரியில் அது செவ்வரத்தம்பூ நிறத்துக்கு வரவேண்டும். கண்ணை நம்பாதே என்று, பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கொண்டுவந்தார் சேர். காந்தம் இழுக்காமல் விட்டதும் இன்னும் சற்றுக் காய்ச்சித் தேங்காயெண்ணெய்க்குள் இறக்கினோம். இப்போது அது கண்ணாடிபோல் கடினம், கண்ணாடிபோலவே உடையும். ஆகவே மினுக்கி, பின்பக்கத்தைச் சூடான இரும்புத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிர் வைக்கோல் நிறம் மெல்ல ஊர்ந்து நுனியைத் தொட்டதும் தண்ணீருக்குள் போட்டார். ஒரு கணம் பிந்தினால் நீலம் பாய்ந்து நுனி மென்மையாகிவிடும். அந்த வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ் என்று கனடாவுக்கு வந்த பின்தான் படித்தேன்.

பிடிக்கு, உடைந்த மேசை லாச்சியின் (இழுப்பறையின்) மரக் குமிழ். அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவினோம். இல்லாவிட்டால் உளியைத் தகட்டோடு ஒட்டிச் சரித்துப் பிடிக்க முடியாது. குமிழ் உள்ளங்கையில் இருக்க, நுனி பெருவிரலுக்கு அப்பால் ஓர் அங்குலம்தான் நீள வேண்டும்.

தீட்டுவதில்தான் நாட்கள் போயின. உளி நுனியின் முகத்தை 45 பாகையில் சரித்தேன். அடியிலுள்ள இரு பக்கங்களையும் நுனியருகே மட்டும் 15 பாகை அளவில் தூக்கித் தீட்ட வேண்டும். குதி எனப்படும் அந்தத் தீட்டிய பகுதி நீண்டுவிட்டால் நேர்கோடு வெட்டலாம், வளைவில் வெளிவிளிம்பை உரசிக் காயப்படுத்தும். ஆங்கில எழுத்துக்குச் சமாளிக்கலாம். தமிழுக்கு நடக்காது, நமக்கு எல்லாமே சுழி. பெருவிரல் நகத்தில் நுனியை மெல்ல வைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். என் நகம் முழுவதும் கீறலாகும் வரை சேர் தலையாட்டவில்லை.

அழிந்த எழுத்தைக் கண்டுபிடிக்க ஜாம் போத்தல் விளக்கின் கரிப்புகை. தகட்டில் பிடித்துத் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். பழைய வெட்டுக்காரன் போன வழியிலேயே போக வேண்டும், அழகுபடுத்தக் கூடாது. மணல் நிரப்பிய தோல் பையின்மேல் தகடு இருக்கும். வலக்கை அசையாது, இடக்கைதான் தகட்டைத் திருப்பும்.

மூன்றாவது பெயரில் ஒரு 'ழ'. நுனி மழுங்கியது தெரிந்தும், தீட்டப் பஞ்சிப்பட்டு அழுத்தித் தள்ளினேன். உளி வழுக்கி எழுத்துக்குக் கீழே ஒரு கீறலாய் ஓடியது. சேர் ஏசவில்லை. வழவழப்பாகத் தீட்டிய கம்பியால் அரைமணி நேரம் அழுத்தித் தேய்த்துக் கீறலை மயிரளவாக்கினார். பிறகு உளியை என் கையில் வைத்து, எண்ணெய்க்கல்லைக் காட்டினார்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எல்லாரும் சிதறினோம். சிற்றுளி என் பென்சில் பெட்டியோடு வந்தது. தீட்டித் தீட்டி இப்போது பாதி நீளம்தான்.

சில வருடங்களுக்கு முன் கல்லூரிக்குப் போனேன். மண்டபத்துக்குப் புதுக் கூரை. தகடு பழைய இடத்திலேயே. சரிந்து நின்று பார்த்தபோது 'ழ'வின் கீழ் என் கீறல் தெரிந்தது. எழுத்துகள் மீண்டும் மெலிந்திருந்தன. விழா நெருங்குகிறதாம், வாசற்படியில் ஒரு பையன் சிரட்டையில் புளி கரைத்துக்கொண்டிருந்தான்.