டைகர் மாத்தின் பணி வரலாறு: அட்டைக்கு முன் இரும்பைப் பாருங்கள்

பிரிட்டிஷ் விமானப்படையின் இரட்டை அடுக்கு இறக்கைப் பயிற்சி விமானமான டைகர் மாத் ஒன்று எந்தப் பயிற்சிப் பள்ளியில் பறந்தது என்று தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே ஆவணக் காப்பகத்துக்கு எழுதிவிடுகிறார்கள். முதலில் விமானத்தின் ராணுவ எண் எது என்று உறுதியாக வேண்டும். இங்கிலாந்தில் ஹேட்ஃபீல்டிலும், பிறகு கௌலியில் மோரிஸ் மோட்டார்ஸ் ஆலையிலும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட விமானம் இது. இறக்கை, வால், எஞ்சின் எல்லாமே போல்ட்டைக் கழற்றி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக்கூடியவை. நொறுங்கிய இரண்டு மூன்றைச் சேர்த்து ஒன்றாக்கியதும் உண்டு.

இதில் பொருத்தப்பட்ட ஜிப்ஸி மேஜர் எஞ்சினின் எண்ணை நம்பாதீர்கள். ஓவர்ஹாலுக்குப் போகும்போதெல்லாம் வேறு எஞ்சின் ஏறியிருக்கும். துணி உறைமேல் எழுதிய எண்ணும் சாட்சி ஆகாது. துணி மாறும்போது அதுவும் புதிதாக எழுதப்படுகிறது. காக்பிட் தகட்டில் உள்ள எண்ணை எஃகுக் குழாய்ச் சட்டத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆனால் மோரிஸ் ஆலையின் சட்ட எண் வேறு, விமானத்தின் தயாரிப்பு எண் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வேறொரு விமானத்தின் வரலாற்றை எழுதிவிடுவது சுலபம். பழைய எண் பூச்சுக்கு அடியில் இருக்கிறதா என்று எஞ்சின் மூடியின் உட்புறத்தையும் காக்பிட் கதவுகளின் உட்புறத்தையும், தண்ணீர் தொட்ட 600 நம்பர் உப்புத்தாளால் ஒவ்வொரு பூச்சாக, மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். பயிற்சி விமானங்களுக்கே உரிய மஞ்சள் தெரிந்ததும் கையை நிறுத்திப் படம் எடுத்துவிடுங்கள். அடுத்த தேய்ப்பில் எழுத்தே போய்விடும்.

எண் உறுதியான பிறகு, விமானம் எங்கெங்கே ஒதுக்கப்பட்டது என்று பதிந்துவைத்த ஃபார்ம் 78 அட்டை. ஒரு விமானத்துக்கு ஒரு அட்டை. யூனிட், இடம் அல்லது ஒப்பந்தக்காரர், தேதி, உத்தரவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதிலுள்ள தேதி காகிதத்தில் ஒதுக்கிய நாள். விமானம் வந்து இறங்கிய நாள் என்று படிக்கக் கூடாது. 'ஆர்.ஓ.எஸ்.' என்றால் இருந்த இடத்திலேயே பழுது பார்த்தது, 'ஆர்.ஐ.டபிள்யூ.' என்றால் ஆலைக்குக் கொண்டுபோனது. ஆலைக்குப் போனதென்றால் பாகங்கள் மாறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சட்ட எண் பொருந்தாததற்கு விடை பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் கிடைக்கும்.

லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பயிற்சிப் பள்ளிகளின் நாட்குறிப்புகள் 'ஏர் 29' வரிசையில் இருக்கின்றன. அவற்றில் தனித்தனி விமான எண்களை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நாள் முழுக்க ஒழுங்காகப் பறந்த விமானத்தைப் பற்றி யாரும் குறித்துவைக்கவில்லை. மூக்கு குப்புற விழுந்ததைத்தான் குறித்தார்கள். அதனால் ஃபார்ம் 1180 என்ற விபத்து அட்டை கிடைத்தால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. நாள், இடம், விமானி, காரணம் எல்லாம் அதில் இருக்கும். 78, 1180 இரண்டு வகை அட்டைகளின் பிரதிகளும் லண்டன் ஹெண்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

விமானிகள் தாங்கள் பறந்ததைக் குறித்துவைத்த லாக்புக் இன்னொரு நல்ல வழி, ஆனால் அதிலும் ஒரு பொறி. பலர் முன்னெழுத்தை விட்டு இலக்கங்களை மட்டும் எழுதினார்கள். ஆறாயிரத்துச் சொச்ச எண்களில் 'என்' (N) வரிசையிலும் டைகர் மாத் உண்டு, 'டி' (T) வரிசையிலும் உண்டு. லாக்புக்கின் தேதியும் பள்ளியும் ஃபார்ம் 78-இன் ஒரு வரியோடு பொருந்தினால் ஒழிய அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எண்ணின் முடிவில் 'எம்' (M) வந்தால் அது தரையில் மெக்கானிக்குகளுக்குப் பாடம் நடத்தப் பயன்பட்ட விமான உடலுக்குத் தரப்பட்ட புது எண். பழைய எண்ணை அட்டையிலேயே தேடுங்கள். கடற்படைக்குப் போனவற்றுக்கு யோவில்டனில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தைக் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தால் 'ஏ17' என்று தொடங்கும் எண் கிடைத்திருக்கும். அதற்குப் பிந்திய வரலாறு அந்த நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில், 'ஈ/ஈ.88' அட்டைகளில் தொடர்கிறது.