அரியர் வைத்த பேப்பரில் 68 – அதே படம், வேறு பதில்

நேற்று ரிசல்ட் வந்தது. கறுப்பின அமெரிக்க சினிமா பேப்பரில் 68. போன வருடம் இதே பேப்பரில் 31 வாங்கி அரியர் வைத்தவன் நான். இரண்டு முறையும் அடையாளம் பற்றிய 15 மார்க் கேள்விக்கு எழுதியது ஒரே படத்தைத்தான்: கேத்லீன் காலின்ஸ் இயக்கிய ‘லூசிங் கிரவுண்ட்’.

முதல் தடவை அடிமை முறை, நிறவெறி, சிவில் உரிமைப் போராட்டம் என்று நாலு பக்கம் நிரப்பினேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல்: “படம் எங்கே?” அப்போது ஆத்திரமாக இருந்தது. மறுமதிப்பீட்டுக்குக் கட்டிய பணமும் போனது. ஆனால் கேட்டது நியாயம்தான். இது ஒரு கல்யாணத்தைப் பற்றிய படம். சாரா தத்துவப் பேராசிரியை, கணவன் விக்டர் ஓவியன். பரவச அனுபவம் பற்றி அவள் புத்தகங்களில் தேடித் தேடிக் கட்டுரை எழுதுகிறாள். அவனுக்கோ தூரிகையைத் தொட்டாலே அது கிடைத்துவிடுகிறது, அல்லது கிடைத்த மாதிரி நடந்துகொள்கிறான். கோடைக்கு ஊருக்கு வெளியே வீடு எடுத்து, அங்கே ஒரு போர்ட்டோ ரிக்கப் பெண்ணை வரைய ஆரம்பிக்கிறான். சாராவுக்கு வேண்டியதோ பக்கத்தில் ஒரு நூலகம்.

இருவரும் கறுப்பர்கள். அதை யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்காமல் யோசிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பொறாமைப்படுகிறார்கள். அடையாளம் பற்றிய கேள்விக்குப் பதிலே இதுதான். எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது.

என் ஒரே உத்தி: கடைசிப் பத்து நிமிடத்தைச் சத்தமே இல்லாமல் மூன்று முறை பாருங்கள். கண்ணாடியும் கொண்டையுமாக வகுப்பெடுத்தவள், மாணவன் எடுக்கும் படத்தில் ‘ஃப்ராங்கி அண்ட் ஜானி’ பாட்டில் துரோகம் செய்த காதலனைச் சுடும் ஃப்ராங்கியாக ஆடுகிறாள், துப்பாக்கியைத் தூக்குகிறாள். விக்டர் வந்து நிற்கிறான். இதை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

மற்றபடி:
- கதைச்சுருக்கம் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்.
- நாலு வருடம் போதும்: 1982 படம், 1988 காலின்ஸ் மறைவு, வயது 46, 2015 தியேட்டர் வெளியீடு, 2020 அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்.
- விக்டராக வரும் பில் கன் 1973இல் இயக்கிய ‘கான்ஜா அண்ட் ஹெஸ்’ படத்தின் நாயகன் டுவேன் ஜோன்ஸ். இங்கே சாராவோடு ஆடுபவரும் அவரே. ஒரு வரி சேருங்கள்.
- தியரி மேற்கோள்கள் எனக்கு மனதில் நிற்காது, விட்டுவிட்டேன். நிற்பவர்கள் எழுதுங்கள்.

அப்புறம் வைவா. “அவள் சுடுவது யாரை?” என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். “பாட்டின்படி ஜானியை, சார். ஆனால் பார்த்துக்கொண்டு நிற்பது விக்டர்” என்றேன். பேனாவை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.