பத்துப் பெர்ஷ் மனை 98 துவாஸ் ஆனது

கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. போன வருடம்தான் காத்ர் போர்னில் ஒரு மனை அமைந்தது. கோர் தெ கார்ட் மலையும் அதன் சரிவில் இருக்கும் முருகன் கோவிலும் அங்கிருந்து பார்த்தாலே தெரியும். பத்துப் பெர்ஷ் என்றார் விற்பவர்; பெர்ஷ் என்பது இங்கத்திய நில அளவு. விலை பேசியது துவாஸ் என்ற அதைவிடச் சின்ன அளவின் கணக்கில். பத்துப் பெர்ஷுக்கு 111 துவாஸ்.

இங்கே நிலம் என்று வந்துவிட்டால் பேச்சு இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்து அளவில்தான். 1810-ல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்த பிறகும் அது மாறவில்லை. நூறு பெர்ஷ் சேர்ந்தால் ஒரு அர்ப்பான். பெர்ஷ் என்றால் கழி என்று தெரிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், ஏனென்றால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் கதை இதுதான். பன்னிரண்டு அடிக் கோலால் நீளம் ஒன்று, அகலம் ஒன்று அளந்தால் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. இங்கே கழிக்கு இருபது அடி. "இருபதுக்கு இருபது, நானூறு சதுர அடி ஒரு பெர்ஷ்" என்று உறவினர் ஒருவர் சொல்ல, நானும் சரி என்று எழுதிக்கொண்டேன்.

மகளை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். ரோட்டுப் பக்கம் 50 அடி, பின்பக்கம் 64. இடது பக்கம் 74, வலது பக்கம் 70. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கினால் 57, 72. பெருக்கினால் 4,104 சதுர அடி. நானூறால் வகுத்தால் பத்தே கால் பெர்ஷ். சொன்னதைவிடக் கூடவே இருக்கிறதே என்று நிம்மதியாகப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் செய்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "குறுக்கே கயிறு போட்டியாம்மா?"

இல்லை என்றேன். "நாலு பக்கத்தை மட்டும் வச்சுக் குழி சொல்ல முடியாதும்மா. நம்ம கயித்துக் கட்டில் ஒரு பக்கமா சாயுதுல்ல? சட்டம் நாலும் அதே நீளம்தான். உள்ள இருக்குற இடம் குறைஞ்சிருக்கும்."

பள்ளியில் நீளம் பெருக்கல் அகலம் என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது மூலை மட்டமாக இருந்தால்தான் என்பது அந்தக் கட்டிலை நினைத்துப் பார்த்தபோதுதான் மனதில் பதிந்தது. எங்கள் மனையும் இடது பக்கமாகச் சாய்ந்துதான் கிடந்தது.

மறுநாள் சாயங்காலம் முன்பக்க வலது மூலையிலிருந்து பின்பக்க இடது மூலைக்கு நைலான் கயிறு கட்டினோம். சரியாக 100 அடி. மனை இரண்டு முக்கோணமாகப் பிரிந்தது. அப்புறம் மீதி இரண்டு மூலைகளிலிருந்தும் கயிற்றுக்கு நேர்குத்தாக எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். மகள் மூலையில் டேப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையைக் கயிற்றின் மேலேயே மெல்ல நகர்த்தினேன். எண் குறைந்துகொண்டே வந்து, ஒரு இடத்தில் நின்று, மறுபடி ஏறத் தொடங்கியது. அந்த மிகக் குறைந்த எண்தான் உயரம். ஒரு பக்கம் 35 அடி 7 அங்குலம், மறுபக்கம் 44 அடி 6 அங்குலம். இரண்டையும் கூட்டிக் கயிற்று நீளத்தில் பாதியான ஐம்பதால் பெருக்கினால் 4,004 சதுர அடி. நூறு சதுர அடி குறைந்தது. ஆனாலும் கணக்குக்குப் பத்துப் பெர்ஷ் இருந்தது.

பணம் கட்டுவதற்கு முன் அர்ப்பாந்தேரை, அதாவது நில அளவையாளரை, வைத்து அளந்ததில் 372 சதுர மீட்டர் வந்தது. என் கணக்கும் அதேதான். ஆனால் அவர் எழுதிய பெர்ஷ் 8.81!

தப்பு அடியில் இருந்தது. பெர்ஷின் இருபது அடி பழைய பிரெஞ்சு அடி. அது 32.48 சென்டிமீட்டர், என் டேப்பின் அடி 30.48. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அந்த வித்தியாசம் நீளத்திலும் ஏறுகிறது, அகலத்திலும் ஏறுகிறது. அதனால் ஒரு பெர்ஷ் நம் அடியில் 400 இல்லை, 454 சதுர அடி. நம் ஊர் சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இது முதலிலேயே தெரிந்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். துவாஸிலும் இதே சிக்கல் உண்டு. நீளமாக ஒரு துவாஸ் 1.95 மீட்டர், சதுரமாக 3.8 சதுர மீட்டர். மனைக்கு வகுக்க வேண்டியது 3.8-ஆல்.

அப்படி வகுத்தால் 98 துவாஸ். பேசியது 111. விற்பவர் தாளை நெடுநேரம் பார்த்தார். அவரும் அப்பா காலத்திலிருந்து பத்து என்றே கேட்டு வந்தவர். மறுபேச்சு இல்லாமல் 98-க்கே விலை போட்டுக்கொண்டார்.

பத்திரம் முடிந்த அன்று அப்பாவைக் கூப்பிட்டேன். பெர்ஷ், துவாஸ் எதையும் அவர் காதில் வாங்கவில்லை.

"எத்தனை குழி?"

"இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் குறைச்சல்பா."

"வீட்டை முன்னால தள்ளிக் கட்டு. பின்னால நாலு கத்தரி வைக்கலாம்" என்றார்.