கம்ப்யூட்டர் திடீர் திடீரென நின்றால் பார்மட் அடிக்க விடாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கெடவில்லை, வைரஸ் இல்லை, மதர்போர்டும் போகவில்லை. போயிருந்தது எஸ்எம்பிஎஸ், அதாவது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிட்ட வேலை. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் என் சி டிரைவைத் துடைத்தெடுத்து, நன்றாக இருந்த ரேமில் புதிதாக ஒரு கோளாறை உண்டாக்கி, "பேசாம புது சிஸ்டம் வாங்கிடுங்கக்கா" என்று அறிவுரையும் சொல்லி முடித்துவிட்டார்கள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

2017-ல் அசெம்பிள் செய்த மெஷின். ஏழாம் தலைமுறை ஐ5, நான்கு ஜிபி ரேம் இரண்டு, சி டிரைவுக்கு எஸ்எஸ்டி, டி டிரைவுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க். கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வீட்டிலிருந்தே பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். கேம் ஆடுவதில்லை, வீடியோ எடிட் செய்வதில்லை, அதற்குப் பெரிய பாரம் என்று எதுவுமே இல்லை. அப்படியிருந்தும் சில நாள் படம் அப்படியே நின்றுவிடும், மவுஸ் அசையாது. சில நாள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொசுக்கென்று ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் தடுமாறி விழும்போது பிழைச் செய்தியோடு வருமே, அந்த நீலத்திரைகூட வராது. இரண்டு மூன்று நாள் சமர்த்தாக ஓடும், அப்புறம் ஒரே சாயங்காலத்தில் அடுத்தடுத்து விழும்.

படம் நின்றுபோனால் உடனே பவர் பட்டனை அமுக்காமல் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது, திரைதான் சிக்கிக்கொண்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிஸ்ப்ளே டிரைவர் மறுபடி எழுந்துகொள்ளும். என் மெஷினில் விளக்கு மாறவே இல்லை, அடியோடு உறைந்துதான் கிடந்தது.

வழக்கமாக எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். சூட்டைப் பார்த்தேன், அறுபது டிகிரியைத் தாண்டவில்லை. டிஸ்கின் நலத்தைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இரண்டு டிஸ்கையும் 'குட்' என்றது. விண்டோஸ் ஃபைல்கள் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ், டிஸ்ம் கட்டளைகள் இரண்டும் ஓட்டியாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. விண்டோஸ் தனக்கு நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் சிஸ்டம் பகுதியில் வரிசையாக 'கெர்னல்-பவர் 41' சிவப்பாக நின்றது. இதைப் பார்த்து நிறையப் பேர் பயந்துபோய் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெஷின் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. காரணம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்ட இறப்புச் சான்றிதழ் மாதிரி அது. ஆனால் அதன் டீடெய்ல்ஸ் பக்கத்தில் 'பக்செக்கோட்' என்று ஒரு வரி இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். அங்கே ஏதாவது எண் இருந்தால் விண்டோஸ் தடுமாறி விழுந்திருக்கிறது, கூடவே விழுந்த நேரத்து நிலைமையைப் பதிந்துவைத்த டம்ப் ஃபைலும் கிடைக்கலாம். பூஜ்யம் என்று இருந்தால் எழுதி வைக்கக்கூட அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. கரண்ட் விட்டுப்போனாலோ மெஷின் முழுதாக உறைந்துபோனாலோதான் பெரும்பாலும் அப்படி வரும். எனக்கு எல்லாமே பூஜ்யம்.

இந்த விவரத்தையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி பேப்பரை வாங்கினார், மடித்தார், கேபினெட் மேலே வைத்தார். "விண்டோஸ் கரப்ட்டுக்கா, பார்மட் அடிச்சா சரியாயிடும்." பக்செக்கோட் பூஜ்யம்னு இருக்கே தம்பி, எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு தடவை பாருங்களேன் என்றேன். அதைப் பார்க்கலாம், மொதல்ல ஓஎஸ்ஸைக் கிளியர் பண்ணுவோம் என்றார். எதற்கும் எனக்கு ஒரு போன் பண்ணாமல் பார்மட் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். போன் வந்தது. பார்மட் முடிந்துவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வதற்கு.

டி டிரைவை அவர் தொடவில்லை, அது உண்மை. டெஸ்க்டாப்பில் இருந்ததையும் ஒரு ஃபோல்டரில் காப்பி எடுத்து வைத்திருந்தார். ஆனால் என் பிழைப்பே ஃபான்ட்டில் இருக்கிறது. பழைய பதிப்பகங்கள் இன்னும் யூனிகோடுக்கு வராமல் பாமினி மாதிரி எழுத்துருக்களிலும், இன்னும் சில இடங்களில் தாங்களே செய்துகொண்ட எழுத்துருக்களிலும் ஃபைல் அனுப்புகிறார்கள். அதெல்லாம் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் இருப்பவை, பேக்கப் என்று சொன்னால் அந்த ஃபோல்டர் யாருக்கும் நினைவுக்கு வராது. ஒவ்வொரு பதிப்பகமாகப் போன் போட்டுக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அச்சுக்கோப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு இடத்தில் அந்த எழுத்துரு அவர்களிடமே இல்லை. மெஷினைக் கடைக்கு அனுப்பும் முன் அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் போட்டுவிடுங்கள், எனக்காக இல்லை, உங்களுக்காக.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு, அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பார்மட் அடித்தால் ஈவென்ட் லாகும் போய்விடும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு விழுந்தது என்ற சாட்சியம் மொத்தமும் அதில்தான் இருந்தது. சிஸ்டம் லாகின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'சேவ் ஆல் ஈவென்ட்ஸ் ஆஸ்' என்று வரும், அதைக் கடைக்குப் போகும் முன்பே டி டிரைவில் சேமித்துவிடலாம். இரண்டு நிமிட வேலை.

சரி, பார்மட் ஆன மெஷினாவது ஒழுங்காக ஓடியதா? அன்று ராத்திரியே நீலத்திரை. அதுவரை வராத நீலத்திரை! முதலில் 'மெமரி மேனேஜ்மென்ட்', அடுத்து 'ஐஆர்கியூஎல்', அப்புறம் வேறு ஏதோ. எப்போதும் ஒரே டிரைவர் பெயர் வந்தால் சாஃப்ட்வேரைச் சந்தேகப்படலாம். காரணம் விதவிதமாக மாறினால் ரேம் பக்கம் போக வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் ஏற்றி ஓட்டினால் சில நிமிடத்திலேயே திரை முழுக்கச் சிவப்பு வரிகள். கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். என்னுடைய போர்டில் ரேம் ஸ்லாட்டுக்கு ஒரு பக்கம்தான் க்ளிப். அந்தப் பக்கம் 'டக்'கென்று பூட்டியிருந்தது. க்ளிப் இல்லாத மறுமுனையில் ரேம் ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டு நின்றது. தூசி தட்டுகிறேன் என்று கழற்றியவர் திரும்பச் சரியாக அமுக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்றி, தங்க நிறக் கால்களைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைத்து, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்தேன். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடியது, ஒரு பிழைகூட இல்லை. நீலத்திரை ஒழிந்தது. பழைய வியாதி மட்டும் அப்படியே இருந்தது.

மறுபடி ஆட்டோ, மறுபடி கடை. இந்தத் தடவை பகல் முழுக்க வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை டெஸ்டரில் மாட்டி என்னிடமே காட்டினார், எல்லா விளக்கும் பச்சை. "நல்லாத்தானக்கா இருக்கு. ஏழாம் ஜெனரேஷன், விண்டோஸ் 11 கூட ஏறாது. எதுக்கு இதுக்குப் போயி செலவு பண்றீங்க?" மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இந்த ப்ராசஸர் இல்லை என்பது வாஸ்தவம்தான், அதற்காக நல்ல போர்டையும் ப்ராசஸரையும் தூக்கிக் குப்பையில் போட முடியுமா? கடையில் நன்றாக ஓடுகிறது, வீட்டுக்கு வந்தால் விழுகிறது என்பதே ஒரு துப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. வீட்டில் எர்த் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, சாக்கெட்டை மாற்றிவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கு மேல் யாரையும் நம்பாமல் நேரம் குறிக்க ஆரம்பித்தேன். இதற்கு 41-ஐவிட 6008 என்ற ஈவென்ட் உதவும். 41 என்பது மெஷின் மறுபடி ஆன் ஆன நேரத்தைத்தான் காட்டும், 6008-ல் முந்தைய ஷட்டவுன் எத்தனை மணிக்கு நடந்தது என்று செய்தியிலேயே இருக்கும். கூடவே சிஸ்டம் ப்ராபர்ட்டீஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டேன். அதை எடுத்த பிறகும் நீலத்திரையில் நிற்காமல் தானே ரீஸ்டார்ட் ஆனால் சந்தேகம் பவர் பக்கம்தான்.

எழுதி வைத்த நேரங்கள் காலை ஆறரையை ஒட்டியும் சாயங்காலம் ஏழை ஒட்டியும் குவிந்தன. வாட்ச்மேன் அண்ணன் குடியிருப்பின் போர் மோட்டாரைப் போடும் நேரம்! மேல்நிலைத் தொட்டி காலியானால் நடுவிலும் போடுவார், அதனால்தான் அது இத்தனை நாள் 'எப்பவாவது' நடப்பதாகத் தெரிந்திருக்கிறது. மோட்டார் கிளம்பும் நொடியில் கரண்டை இழுக்கும், வோல்டேஜ் சட்டென்று இறங்கும், என் யுபிஎஸ் 'டிக்' என்று பேட்டரிக்குத் தாவும். அந்த டிக்கில்தான் சிபியு விழுந்தது.

அப்படியென்றால் யுபிஎஸ்தானே குற்றவாளி? நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் அதே யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்த மானிட்டர் அணையவில்லை, 'நோ சிக்னல்' என்று காட்டிக்கொண்டு எரிந்துகொண்டே இருந்தது. மேல்வீட்டுப் பையனின் சிபியுவை இரவல் வாங்கி அதே யுபிஎஸ்ஸில் மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டேன். அசையவில்லை. என்னுடையதை மாட்டி அணைத்தால் உடனே ரீஸ்டார்ட். இதை விண்டோஸுக்குள் செய்யாதீர்கள், ஃபைல் கெட்டுப்போகலாம். விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் செட்டிங்ஸ் திரையான பயாஸ் திரையில் நிறுத்தி வைத்துக்கொண்டு செய்யுங்கள். அங்கே விண்டோஸே ஓடவில்லை, அதனால் "ஓஎஸ் கரப்ட்" என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. நான் அதைப் போனில் வீடியோவும் எடுத்தேன்.

நடந்தது இதுதான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கிறது. கரண்ட் ஒரு கணம் விட்டுப்போனால், யுபிஎஸ் தாவி முடிக்கும் வரைக்குமான சில மில்லி செகண்டுகளை அதில் தேங்கியிருக்கும் மின்சாரம்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் பதினாறு, பதினேழு மில்லி செகண்ட் தாங்கும். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்தால் கெபாசிட்டர் காய்ந்துபோய் அந்தத் தாங்குசக்தி குறைந்துவிடும். போதாததற்குத் தேங்கும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் சாயங்காலம் 180 வந்தால் தேங்குவது கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறைந்துபோகும். பாரமே இல்லாமல் வெறும் வோல்டேஜை அளக்கும் டெஸ்டரில் இது தெரியவே தெரியாது. மல்டிமீட்டரில் நானும் பார்த்தேன், பன்னிரண்டு வோல்ட் ஒயரில் சுத்தமாக 12.1 காட்டியது. 11.4-லிருந்து 12.6 வரை இருந்தால் சரி என்பார்கள். அது சரியாக இருப்பதால் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று ஆகிவிடாது. கடையில் ஏன் விழவில்லை என்பதற்கும் பதில் இதுதான், அங்கே பெரிய ஆன்லைன் யுபிஎஸ், அதாவது எப்போதும் தன் வழியாகவே மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும் வகை, தாவலே கிடையாது.

ஒரு எச்சரிக்கை. கெபாசிட்டர்தானே, மாற்றிவிடலாம் என்று எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

வாங்கும்போது முன்னால் எழுதியிருக்கும் '450 வாட்ஸ்' என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கடையில் முதலில் நீட்டிய அறுநூறு ரூபாய்ப் பெட்டியில் 14 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டால் பெருக்கினால் 168 வாட்ஸ்தான் வரும். கையில் தூக்கினால் காலி டப்பா கனம்தான். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரையும், பில்லில் எழுதித் தந்த வாரண்டியும் உள்ள ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மாட்டிவிட்டு வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி மோட்டாரைப் போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்திப் பார்த்தோம். யுபிஎஸ் டிக் டிக் என்றது, கம்ப்யூட்டர் அசையவில்லை. "எதுக்கும்மா மோட்டாரோட வெளையாடறீங்க?" என்று அவர் முழித்தார். உறைந்துபோவதும் அதோடு நின்றுவிட்டது.

வீடியோவைக் கடைத் தம்பியிடம் காட்டினேன். பார்த்தார், இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். "ஆமாக்கா, ஹோல்ட் ஆகல போல." அவ்வளவுதான், பார்மட் அடித்த காசைப் பற்றிப் பேச்சே இல்லை. பழைய எஸ்எம்பிஎஸ் என் பையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அதக் குடுத்துட்டுப் போங்கக்கா, டெஸ்டர்ல ஓகேதானே, வேற யாருக்காச்சும் ஆகும்" என்றார். நான் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி அதன் கனெக்டர்களை ஒவ்வொன்றாக வெட்டி, பழைய சாமான் மூட்டையில் போட்டுவிட்டேன்.