அம்மாவின் சினைப்பைக் கட்டியும் 864 என்ற எண்ணும்

அம்மாவுக்கு 63 வயது. மாதவிடாய் நின்று 13 வருஷம். பாவாடை நாடா இறுக்குகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயு என்று நானும் விட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஸ்கேனில் இடது சினைப்பையில் 9 செ.மீ. கட்டி. நீர்க்கட்டி இல்லை, முழுக்கக் கெட்டி. வயிற்றுக்குள் கொஞ்சம் நீரும் கோத்திருந்தது. சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடிய சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள்; 35-க்குள் இருக்க வேண்டிய அளவு 96. புற்றுநோய்க்கான ஆபத்து எவ்வளவு என்று டாக்டரம்மா ஒரு தாளில் கணக்குப் போட்டார். கெட்டியான கட்டி, வயிற்றில் நீர் என ஸ்கேனில் இரண்டு அறிகுறி இருப்பதால் 3; மாதவிடாய் நின்றவர் என்பதால் இன்னொரு 3; 3×3×96 = 864. 200-ஐத் தாண்டினாலே புற்றுநோய் அறுவை நிபுணரிடம் காட்ட வேண்டுமாம். அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அந்த நிபுணர் முதலில் கேட்டது பழைய ஸ்கேனை. பீரோவைக் கிளறியதில், 4 வருஷத்துக்கு முன் பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ரிப்போர்ட் கிடைத்தது. அதே பக்கம் 5 செ.மீ. கட்டி, 'கர்ப்பப்பை ஃபைப்ராய்டாக இருக்கலாம்' என்று கடைசியில் ஒரு வரி. அன்று யாரும் அதைப் பற்றி எங்களிடம் பேசவில்லை. சினைப்பையில் வரும் ஃபைப்ரோமா என்ற, புற்றுநோய் அல்லாத நார்க்கட்டி ஸ்கேனில் ஃபைப்ராய்டு போலவே தெரியுமாம். மெதுவாக வளர்ந்திருப்பது ஆறுதலான விஷயம் என்றார். எம்ஆர்ஐயிலும் கட்டி கருப்பாகத் தெரிந்தது. நார்த்திசு நிறைந்திருந்தால் அப்படித் தெரியும், ஃபைப்ரோமாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்.

"அப்புறம் ஏன் நீர், ஏன் 96?" என்று கேட்டேன். பெரிய ஃபைப்ரோமாவிலும் நீர் கோக்கும், அது வயிற்றின் உள்சவ்வை உறுத்தும்போது சிஏ 125 ஏறும் என்று பொறுமையாக விளக்கினார். எனக்குப் பாதி உயிர் வந்தது அங்கேதான்.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாமே என்றார் அப்பா. கூடாது, ஒருவேளை புற்றுநோயாக இருந்தால் வயிற்றுக்குள் சிதறிவிடும், உடையாமல் முழுசாகத்தான் எடுக்க வேண்டும் என்றார்.

அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே முழுசாக வெளியே எடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டு, உடனே உறையவைத்துச் சோதிக்கும் ஃப்ரோஸன் செக்‌ஷனுக்குப் போனது. அரை மணி நேரம். சாதாரணக் கட்டி என்று பதில் வந்ததால், இரண்டு சினைப்பைகளையும் எடுத்ததோடு முடித்துக்கொண்டார்கள். கட்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். வெட்டிய பக்கம் தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. பத்து நாள் கழித்து வந்த முழு பயாப்ஸியிலும் ஃபைப்ரோமாதான். நீரிலும் புற்றுநோய் செல் இல்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்த்த சிஏ 125 அளவு 14. நீர் திரும்பக் கோக்கவில்லை.